ஒளியின் எல்லையை ஆராய்ந்த பேராசான்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலைப்பொழுதில், அண்ணாமலையார் கோயிலின் உள்ளும் புறமும் மக்கள் வெள்ளமாய்த் திரண்டிருப்பர். அனைவர் கண்களும் மலையுச்சியையே நோக்கியிருக்கும். கோயிலில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியதும், 2,668 அடி உயரமுள்ள மலையின் முடியில், கொப்பரையில் நிறைந்த நெய்யிலே திரி பற்றிக்கொள்ள, மகாதீபம் சுடர்விடும். அதனைக் கண்ட பின்னரே ஊரில் இல்லந்தோறும் அகல்விளக்குகள் ஏற்றப்பெறும். மலைக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவில் வாழ்வோர்க்குத் தீபம் ஏற்றப்பெற்ற செய்தியை யார் கொண்டுவந்து தருகின்றார்? ஒளியே தருகின்றது. அத்தொலைவைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கின்றது. அதனை முந்திச் செல்லும் தூதன் உலகில் இல்லை என்பது, 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் வெளியிட்ட சார்புக் கொள்கையிலிருந்து பெறப்படும் முடிவு. அன்று அவர் சுவிட்சர்லாந்து நாட்டில் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரிந்துவந்த இளைஞர். அவருடைய கொள்கையை ஏற்றவர் சிலர், ஐயுற்றவர் பலர். இரண்டாண்டுகள் கழிந்ததும், அக்கொள்கையின் வேரையே அசைக்கவல்ல வினா ஒன்று எழுந்தது. அவ்வினாவிற்கு விடை கண்டவர் ஆர்னால்டு சோமர்பெல்டு என்னும் ஜெர்மானியப் பேராசிரியர்.

சோமர்பெல்டு 1868ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அந்நாளில் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்திருந்த அந்நகரம், இந்நாளில் கலினின்கிராடு என்னும் பெயருடன் ரஷ்ய நாட்டில் உள்ளது. தந்தையார் மருத்துவர். மைந்தரோ கணிதத்தை நாடினார். கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் சிறந்தவர்கள். வட்டத்தின் பரப்பிற்கு ஒத்த சதுரத்தைக் கவராயமும் நேர்விளிம்பும் கொண்டு வரைதல் இயலாது என்பதை முடிவாக நிலைநாட்டிய லிண்டமன் அவர்களுள் ஒருவர்; பிற்காலத்தில் கணித உலகின் தலைவராகத் திகழ்ந்த ஹில்பர்ட் மற்றொருவர். 1891இல் சோமர்பெல்டு டாக்டர் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் வாட்போரில் ஏற்பட்ட தழும்பு ஒன்று அவர் முகத்தில் இறுதிவரை இருந்தது. அக்காலத்து ஜெர்மானிய மாணவர்கள் அத்தகைய தழும்பைப் பெருமையாகக் கருதினர் என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும்.

பின்னர்க் கோட்டிங்கன் நகருக்குச் சென்று, பிலிக்ஸ் கிளைன் என்னும் பெருங்கணிதரிடம் உதவியாளராக அமர்ந்தார். கணிதம் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடாமல் இயற்கையை விளக்கவும் பொறிகளை இயக்கவும் உதவவேண்டும் என்பது கிளைனின் கோட்பாடு. அக்கோட்பாடு சோமர்பெல்டின் உள்ளத்தில் பசுமரத்தாணிபோற் பதிந்தது. ஆசிரியரும் மாணவரும் கூடி, சிறுவர் சுழற்றும் பம்பரத்தின் இயக்கத்தைப் பற்றி நான்கு பகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை இயற்றினர். 1897இல் தொடங்கிய அந்நூல் முற்றுப்பெற 1910 ஆயிற்று. ஒரு பம்பரத்திற்குப் பதின்மூன்று ஆண்டுகள்!

1900ஆம் ஆண்டில் அவர் ஆகன் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கிருந்த பொறிவல்லுநர்கள் கணிதரை நம்பினாரில்லை. சோமர்பெல்டு அவர்களுடைய உலையிலும் பட்டறையிலும் புகுந்து, சுழலும் இருசுக்கும் அதைத் தாங்கும் உறைக்கும் இடையே எண்ணெய் எவ்வாறு மசகாக நின்று உராய்வைக் குறைக்கின்றது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அதன்பின் அவர்களது ஐயம் அகன்றது. இன்றும் பொறியியல் மாணவர்கள் அவ்வாய்வைப் பயில்கின்றனர்.

இக்காலத்தில் அவர் மேற்கொண்ட மற்றோர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. எலெக்ட்ரான் என்னும் நுண்துகள் ஒளியினும் விரைந்து ஓடுமாயின் என்ன நிகழும் என்று 1904இல் அவர் கணக்கிட்டார். விரைந்து செல்லும் படகின் பின்னே நீர் இரு கிளையாய் விரிவதுபோல, அவ்வெலெக்ட்ரானுக்குப் பின்னே மின்காந்த அலை கூம்பு வடிவில் விரியும் என்பது அவர் கண்ட முடிவு. மறு ஆண்டிலேயே ஐன்ஸ்டீனின் கொள்கை வெளிவந்தது. வெற்றிடத்தில் எப்பொருளும் ஒளியை விஞ்ச இயலாது என்றாயிற்று. சோமர்பெல்டு அரிதின் முயன்று போட்ட கணக்கு ஒரே ஆண்டில் பயனற்றதாகத் தோன்றியது. தம் உழைப்பை வீணாக்கிய கொள்கையை வெறுப்பது மனித இயல்பு. அவரும் தொடக்கத்தில் அக்கொள்கையை ஐயத்துடனேயே நோக்கினார். ஆயினும் வெறுத்து ஒதுக்கவில்லை.

1906இல் மியூனிக் பல்கலைக்கழகம் அவரைக் கோட்பாட்டுப் பௌதிகப் பேராசிரியராக ஏற்றது. மறு ஆண்டில்தான் மேற்கூறிய வினா எழுந்தது. எழுப்பியவர் வில்ஹெல்ம் வீன் என்னும் புகழ்பெற்ற பௌதிக அறிஞர். அதன் ஆழத்தை அறிய, அலைகளின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் நின்று நோக்கினால், அலை கரைக்குச் சற்றே சாய்வாக வருவதைக் காணலாம். அதன் ஒரு முனை முதலிற் கரையைத் தொட்டு நுரைக்கும், பிறகு அடுத்த பகுதி, பிறகு அதற்கடுத்தது. இவ்வாறு நுரை எழும் இடம் கரையோரமாக ஓடிச் செல்லும். அலை வரும் வேகத்தினும் அது பன்மடங்கு விரைவாக ஓடும். சாய்வு குறையக் குறைய அதன் வேகம் மிகும். அதற்கு எல்லையே இல்லை. ஆயினும் நீரில் ஒரு துளியேனும் கரையோரமாக அவ்வேகத்தில் ஓடவில்லை. ஓடுவது ஒரு தோற்றமே.

ஒளியலைகளிலும் இத்தகைய தோற்றம் உண்டு. அலை என்பது முகடும் பள்ளமும் மாறிமாறி வருவது. எக்ஸ் கதிர்கள் கண்ணாடியில் நுழையும்போது, அவற்றின் முகடுகள் வெற்றிடத்து ஒளியைக் காட்டிலும் சற்றே விரைந்து செல்கின்றன. இது அளந்தறிந்த உண்மை. ஆனால் முகடுகள் மட்டும் விரைவதால் கேடொன்றும் இல்லை. தொடக்கமும் முடிவும் இன்றி ஒரே சீராய்ச் செல்லும் அலையில் ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் வேற்றுமை இல்லை. ஆதலின் அது செய்தி எதனையும் தாங்கி வருவதில்லை. செய்தி அனுப்பவேண்டுமாயின், அலைகள் பல கூடிய ஒரு கூட்டத்தை அனுப்புதல் வேண்டும். அக்கூட்டம் செல்லும் வேகத்தைக் குழுவேகம் என்பர். சாதாரணமாகக் குழுவேகமே ஆற்றலைச் சுமக்கும் வேகம் என்பதை ரேலி பிரபு முதலிய அறிஞர் முன்னரே விளக்கியிருந்தனர்.

வீன் கண்ட இடர் இங்கேதான் உள்ளது. ஒவ்வொரு பொருளும் சில நிறங்களைப் பெரிதும் விழுங்கும் இயல்புடையது. அந்நிறங்களை அடுத்து, அப்பொருளில் அலைகளின் விரைவு முறைமாறி நடக்கின்றது. அங்கே கணக்கிட்டால், முகடுகள் மட்டுமல்ல, குழுவேகமே ஒளியின் வேகத்தை மிஞ்சுகின்றது! செய்தி சுமக்கும் கூட்டமே ஒளியை முந்துமாயின், ஐன்ஸ்டீன் கொள்கை நிற்பது எங்ஙனம்? விடை கிடைக்காவிடில், இரண்டாண்டுக் குழந்தையாகிய சார்புக் கொள்கை அன்றே மடிந்திருக்கும்.

1907ஆம் ஆண்டு செப்டம்பரில் டிரெஸ்டன் நகரில் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளரும் மருத்துவரும் கூடிய மாநாட்டில், சோமர்பெல்டு தம் விடையை வழங்கினார். அவர் முதலில் வேறொன்றை ஆராய்ந்தார்: செய்தி என்பதுதான் யாது? அதுவரை இல்லாத ஒன்று ஒரு குறிப்பிட்ட கணத்தில் தொடங்குவதே செய்தி. ஆகவே அளக்கவேண்டியது கூட்டத்தின் நடுமுகட்டையன்று; அதன் முன்முனையை. இருளாய் இருந்த ஓரிடத்தில், குறித்த கணத்தில் அலை தொடங்குவதாகக் கொண்டு, அது பொருளின் ஊடே சென்று மறுபுறம் எப்போது தோன்றும் என்று கணக்கிட்டார். கணிதம் ஐயத்திற்கு இடமின்றி விடை கூறியது. வெற்றிடத்தில் ஒளி அத்தொலைவைக் கடக்க வேண்டும் நேரம் கழியும் வரை, மறுபுறத்தில் முழு அமைதியே நிலவும். அணுவளவு அசைவும் அங்கு எழாது.

அந்நேரம் கழிந்தவுடன் நிகழ்வது வியப்பிற்குரியது. முதலில் மிக நுண்ணிய, மிக விரைவாய்த் துடிக்கும் சிற்றலைகள் வந்து சேரும். அவை எப்பொருளிலும் தடைபடாமல், வெற்றிடத்து ஒளியின் வேகத்துடனேயே வருவன. காரணம் எளிது. பொருளிலுள்ள எலெக்ட்ரான்களும் எடையுடையவை. அலை வந்து தாக்கிய முதற் கணத்திலேயே அவை அசைந்துவிடா. அவை அசையத் தொடங்குமுன் அலைமுனை அவற்றைக் கடந்துவிடும். அம்முனைக்குப் பொருள் என்பதே இல்லை, எங்கும் வெற்றிடமே. அலையின் பெரும்பகுதி பின்னரே வந்து சேரும். அச்சிற்றலைகளுக்குச் சோமர்பெல்டு முன்னோடிகள் எனப் பெயரிட்டனர். மியூனிக்கில் அவரிடம் பயின்ற பிரெஞ்சு இளைஞர் லியோன் பிரில்லுவான் இவ்வாய்வை மேலும் விரித்தார். இருவர் கட்டுரைகளும் 1914இல் அடுத்தடுத்து வெளிவந்தன.

அவ்வாறாயின் குழுவேகம் மிஞ்சுவதாகக் காண்பது பொய்யா? பொய்யன்று. திருவண்ணாமலை மாட வீதியில் நீண்டதோர் ஊர்வலம் செல்வதாகக் கொள்வோம். முன்னே செல்வோர் சிலர், நடுவில் பெருங்கூட்டம், பின்னேயும் சிலர். வழியில் ஒரு சந்து, பின்வருவோரில் பலரைத் தன்பால் ஈர்த்துக்கொள்கின்றது. வீதியின் கோடியில் நிற்பவன் நோக்கினால், கூட்டம் மிக்கிருக்கும் பகுதி எதிர்பார்த்ததினும் முன்னதாகவே வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் முதலில் நடப்பவன் ஓரடியும் விரைந்து நடக்கவில்லை. ஒளியை விழுங்கும் பொருளும் இவ்வாறே செய்கின்றது. அலைக்கூட்டத்தின் பின்பகுதியை மிகுதியாகவும் முன்பகுதியைக் குறைவாகவும் விழுங்குவதால், முகடு முன்னே நகர்ந்துவிட்டதுபோற் காணப்படுகின்றது.

அதே ஊரின் கிரிவலப் பாதையைக் கொண்டு இதனை வேறு வகையிலும் உணரலாம். அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஒளி அத்தொலைவைக் கடக்க ஒரு விநாடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். பாதை நெடுக வரிசையாய் மின்விளக்குகளை அமைத்து, ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தின்படி, முன்னரே குறித்துவைத்த கணத்தில் ஒளிருமாறு செய்வோம். அந்நேரத்தில் பாதியளவிற்குள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் ஒளிருமாயின், விளக்கின் வரிசை ஒளியினும் இருமடங்கு விரைவாய் மலையைச் சுற்றி வந்ததாகத் தோன்றும். நன்று. ஆனால் முதல் விளக்கு பழுதுபட்டு ஒளிராமற் போயின், இரண்டாம் விளக்கு அதனை அறியுமா? அறியாது, அது தன் கடிகாரத்தை மட்டுமே கேட்டு ஒளிரும். அவ்வரிசையின் வழியே செய்தி ஒன்றும் செல்லவில்லை. மகாதீபத்தைக் கண்டு வீட்டில் அகல் ஏற்றுவோர் நிலை வேறு. தீபம் தாழ்ந்தால் அவர்கள் அகலும் தாழும். அங்கே செய்தி சென்றது. ஒளியின் வேகத்திலேயே சென்றது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பிரின்ஸ்டன் நகரில், சீசியம் என்னும் உலோகத்தின் ஆவியைத் தக்கவாறு பக்குவப்படுத்தி, அதனுள் ஒளித்துடிப்பு ஒன்றைச் செலுத்தினர். துடிப்பின் முகடு ஆவிக்கலத்திற்குள் நுழையுமுன்னரே மறுபுறம் வெளிப்பட்டதாகக் கருவிகள் காட்டின. செய்தித்தாள்கள் ஐன்ஸ்டீன் வீழ்ந்தார் என்பதுபோல ஆரவாரம் செய்தன. ஆய்ந்தவர்களோ அவ்வாறு கூறவில்லை. முகட்டின் வரவு, முன்னரே கலத்துள் புகுந்துவிட்ட முன்பகுதியிலேயே அடங்கியிருந்தது. முன்முனையைப் பற்றிச் சோமர்பெல்டு வகுத்த வரம்பு அங்கும் மீறப்படவில்லை.

அவர் 1904இல் போட்டுக் கைவிட்ட கணக்கும் வீண்போகவில்லை. நீரில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டரே செல்லும். ஆகவே வெற்றிடத்து எல்லையை மீறாமலே, நீரில் ஓர் எலெக்ட்ரான் ஒளியை முந்தலாம். அப்போது எழும் நீலநிற ஒளியை 1934இல் ரஷ்ய அறிஞர் செரன்கோவ் அறிவித்தார். பிராங்கும் டாமும் 1937இல் அதற்குக் கூறிய விளக்கம், சோமர்பெல்டு முப்பதாண்டுகளுக்கு முன் கண்ட அதே கூம்பு. அம்மூவர்க்கும் 1958இல் நோபல் பரிசு கிடைத்தது.

சோமர்பெல்டிற்கு அப்பரிசு என்றும் கிட்டவில்லை. 84 முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டும் வழங்கப்படவில்லை. அவருடைய மாணவர்களான டிபை, ஹைசன்பர்க், பௌலி, பெத்தே ஆகியோர் பெற்றனர். அணுவைப் பற்றி அவர் 1919இல் வெளியிட்ட பெருநூல், ஒரு தலைமுறை மாணவர்க்கு வேதம்போல விளங்கிற்று. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னையையும் எட்டியது.

1928ஆம் ஆண்டில் அவர் உலகச் சுற்றுப்பயணம் மேற்கொண்டு இந்தியாவிற்கு வந்தார். கல்கத்தாவில், அவ்வாண்டுத் தொடக்கத்தில் தம் புகழ்வாய்ந்த கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்த சி. வி. இராமனைச் சந்தித்தார். அங்கே அலை இயக்கவியல் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் பின்னர் நூலாயின. சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர் உரையாற்றினார். அதனைக் கேட்ட மாணவர்களுள் பதினெட்டே வயது நிரம்பும் நிலையிலிருந்த எஸ். சந்திரசேகர் ஒருவர். அவர் சோமர்பெல்டின் அணுநூலை முற்றக் கற்றவர். தனியே சென்று, அவ்வறிஞர் தங்கியிருந்த விடுதியில் அவரைக் கண்டார். அந்நூலைக் கற்ற செய்தியைப் பெருமிதத்துடன் கூறினார்.

அந்நூலில் உள்ளவை பழையனவாகிவிட்டன. அதன்பின் ஹைசன்பர்க்கும் சுரோடிங்கரும் டிராக்கும் பௌதிகத்தையே மாற்றிவிட்டனர் எனச் சோமர்பெல்டு தெரிவித்தார். தம் நூலைத் தாமே பழையது என்று ஓர் இளைஞனிடம் கூறுதற்குப் பெரிய மனம் வேண்டும். சந்திரசேகர் திகைத்தார். ஆயினும் அவரை வெறுங்கையுடன் அனுப்பவில்லை அம்முதியவர். உலோகங்களிலுள்ள எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி, இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியை எடுத்துக் கொடுத்தார். அதனைப் படித்துச் சந்திரசேகர் எழுதிய ஆய்வுரை, 1929இல் இலண்டன் ராயல் கழகத்து வெளியீட்டில் இடம்பெற்றது. 1930இல் இங்கிலாந்திற்குக் கப்பலேறியபோது, அவ்வெலெக்ட்ரான் கணக்குடன் ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையையும் இணைத்து, மடிந்து சுருங்கும் விண்மீன் தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டென அவர் கண்டார். அதுவே சந்திரசேகர் எல்லை. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

சோமர்பெல்டின் முதுமை அமைதியாகக் கழியவில்லை. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர்கள் பல்கலைக்கழகங்களினின்று நீக்கப்பட்டனர். சார்புக் கொள்கை யூதப் பௌதிகம் என்று பழிக்கப்பட்டது. வேலையிழந்த பெத்தேயைத் தம்மிடம் அழைத்து, நாட்டைவிட்டுச் செல்லும்வரை ஆதரித்தார் சோமர்பெல்டு. 1935இல் ஓய்வுபெறும் வயது வந்தபோது, தம் இருக்கைக்கு ஹைசன்பர்க் வரவேண்டும் என விரும்பினார். எதிர்ப்பாளர்கள் நான்காண்டுகள் தடுத்து, இறுதியில் 1939இல் ஐன்ஸ்டீன் கொள்கையை எதிர்த்த ஒருவரையே அவ்விருக்கையில் அமர்த்தினர். எந்தக் கொள்கைக்கு வந்த இடரை 1907இல் அவர் நீக்கினாரோ, அக்கொள்கை அவர் வளர்த்த கூடத்திலேயே புறக்கணிக்கப்பட்டது. கணக்கால் எழுந்த தடையைக் கணக்கால் வெல்லலாம். இத்தடைக்கு அவரிடம் கணக்கு இல்லை. போர் முடிந்த பின்னரே மியூனிக் கூடம் மீண்டும் தழைத்தது.

இறுதி ஆண்டுகளில் அவர் தம் வகுப்பறைச் சொற்பொழிவுகளை ஆறு நூல்களாக எழுதத் தொடங்கினார். 1951ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் பிற்பகுதியில், பேரக் குழந்தைகளுடன் தெருவில் நடந்து செல்கையில், ஒரு வண்டி அவர்மீது மோதிற்று. ஏப்ரல் 26ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில் அவர் உயிர்நீத்தார். வெப்பத்தைப் பற்றிய நூல் அப்போது முடியாமல் மேசைமேல் இருந்தது. போப், மைக்ஸ்னர் என்னும் இருவர் அதனை முடித்து வெளியிட்டனர்.